ஒரு கட்டை இறக்கிய பட்டன்

1. சீர்வரிசையில் ஒரு பியானோ

எண்பதுகளின் கடைசியில், குரோம்பேட்டையில் ஒரு கல்யாண ரிசப்ஷன். எங்கள் ஆர்கெஸ்ட்ராவின் எலெக்ட்ரிக் பியானோவை நாலு பேர் மூச்சு வாங்க மாடிக்குத் தூக்கி, கிடைத்த இடத்தில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்து பார்த்தால் அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்து, மேலே ஒரு தாம்பாளம் நிறைய ஆப்பிளும் அடுக்கியிருந்தார்கள். நாங்கள் வைத்த இடம் சீர்வரிசைக்கு ஒதுக்கிய இடம். மாப்பிள்ளையின் அம்மா அதைச் சுற்றிச் சுற்றி வந்து, "பரவாயில்லையே, பியானோ கூட வெச்சிருக்காங்க" என்று பூரித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, இது எங்களோடது" என்றேன். பூரிப்பெல்லாம் அந்த நிமிஷமே வடிந்துவிட்டது. பெண்ணின் தாய்மாமன் என்னை ஓரமாக இழுத்துப் போனார்.

"இன்னா சார் நீ? பீரோ கணக்கா ஒண்ணக் கொண்ணாந்து நடுவுல வெச்சுக்கினு, இப்போ எங்களுதுன்ற. சம்பந்தியம்மா மூஞ்சியப் பாத்தியா? ஒரே பேஜாரா பூட்ச்சு."

எங்கள் லீடர் ராஜப்பா சார் அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். இனிமேல் டிஜிட்டல் கீபோர்டு.

2. இடுக்கில் அடங்கும் இசை

எலெக்ட்ரிக் பியானோ தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கீயைத் தட்டினால் உள்ளே ஒரு சின்னச் சுத்தியல் உலோகக் கம்பியை அடிக்கும். அந்த ஒலியைத்தான் ஆம்ப்ளிஃபயர் பெரிதாக்கும். ஐப்பசி மழையில் நாலைந்து கீ அமுங்கினால் எழுந்திருக்காது. ஆனால் கரண்ட் போனால் ஊமையாகுமே தவிர, வந்ததும் அதே சுருதியில் பேசும்.

டிஜிட்டல் கீபோர்டை நான் ஒருவனே தாம்பரத்தில் எலெக்ட்ரிக் டிரெயின் ஏறி எங்கே வேண்டுமானாலும் கொண்டு போவேன். வயலின் என்று எழுதிய பட்டனை அழுத்தினால் வந்தது வயலின் இல்லைதான். பந்தியில் இடம் பிடிக்க ஓடுகிறவர்களுக்கு அது போதும்.

அதில் டிரான்ஸ்போஸ் என்று ஒரு பட்டன். முன்பெல்லாம் பாடுகிறவர் சுருதியை இறக்கச் சொன்னால் விரல்களையெல்லாம் வேறு ஸ்கேலுக்கு மாற்றி வாசிக்க வேண்டும். இப்போது பட்டனை ரெண்டு தட்டுத் தட்டினால் ஒரு கட்டை தானாக இறங்கிவிடும். விரலை மாற்றவே வேண்டாம். எல்லாப் பாட்டையும் சி மேஜர் விரலிலேயே வாசித்துத் தள்ளினேன். ரெண்டு வருஷத்தில் மற்ற பதினோரு ஸ்கேலும் எனக்குத் தூரத்துச் சொந்தம் ஆகிவிட்டன. நான் முன்னேறிவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

3. அஸ்தினாபுரத்து ரிசப்ஷன்

எங்கள் பாடகி விமலா, பகலில் ஸ்கூல் டீச்சர். சினிமாவில் கோரஸாவது பாட வேண்டும் என்று பல வருஷமாக ஆசை. அஸ்தினாபுரத்தில் ஒரு ரிசப்ஷனுக்கு, கோடம்பாக்கத்தில் கோரஸுக்கு ஆள் எடுக்கும் ஒருவர் வருவதாக ராஜப்பா சார் சொல்லியிருந்தார். விமலா பாடுவதைக் கேட்கத்தான் அவர் வருவதே. அன்று காலை விமலா தொண்டை கட்டி வந்து நின்றார்.

"அண்ணா, ஒரு கட்டை இறக்கிக்கணும். இன்னிக்கு மட்டும் பெரிய பியானோவைக் கொண்டு வர்றீங்களா? அதுல நீங்க வாசிச்சா எனக்கு தைரியமா இருக்கும்."

"அதைத் தூக்க உங்க ஸ்கூல்லேர்ந்து நாலு பி.டி. மாஸ்டரை அனுப்புங்க டீச்சர்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

சாயங்காலம் பட்டனை ரெண்டு தட்டுத் தட்டிவிட்டு வாசித்தேன். பல்லவி பிரமாதமாகப் போயிற்று. முன்வரிசையில் கோடம்பாக்கத்துக்காரர் தலையாட்டினார். அனுபல்லவியில் கரண்ட் போயிற்று. டிரம்ஸ் நிற்கவில்லை, விமலாவும் நிறுத்தாமல் மைக் இல்லாமலே பாடினார். சில நொடியில் ஜெனரேட்டர் வந்தது. நானும் விட்ட இடத்தில் சேர்ந்துகொண்டேன்.

அபஸ்வரம். கேட்கச் சகிக்கவில்லை. பேஸ் கிட்டார் டேவிட் என்னைப் பார்த்து, "மச்சான், ஸ்கேல்! ஸ்கேல்!" என்று கத்தினான். அவன் டீச்சரைத்தான் சொல்கிறான் என்று நினைத்தேன். இருட்டில் பயந்து சுருதியை விட்டுவிட்டார், பாவம், நாம்தான் காப்பாற்ற வேண்டும். வால்யூமை ஏற்றினேன். அவரை முறைத்து, மேலே வரும்படி தலையால் ஜாடை காட்டினேன். என்னை நம்பி அவர் ஒரு கட்டை மேலே வந்தார். டேவிட்டும் வேறு வழியில்லாமல் வந்தான். சரணத்தின் உச்சியில் டீச்சரின் குரல் உடைந்தது.

பாட்டு முடிந்ததும்தான் கீபோர்டைப் பார்த்தேன். கரண்ட் போய் வந்ததில் டிரான்ஸ்போஸ் பழையபடி பூஜ்யத்துக்கு வந்திருந்தது. சரியாகப் பாடிக்கொண்டிருந்தவரைத் தப்பான இடத்துக்கு இழுத்துப் போனது நான்.

கோடம்பாக்கத்துக்காரர் கிளம்பும்போது ராஜப்பா சாரிடம், "நல்லாத்தான் ஆரம்பிச்சாங்க சார். கரண்ட் போனதும் சுருதியும் போயிடுச்சு. மேல உடையுது" என்றார். நான் பக்கத்திலேயே நின்றேன். ஒரு வாக்கியம் சொன்னால் போதும். நான் கேபிள் சுற்றிக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னாலும் பின்னாலும் அவ்வளவு ஒழுங்காக நான் கேபிள் சுற்றியதே இல்லை.

4. பட்டனைப் பார்த்தாயிற்றா?

அடுத்த ரிகர்சலில் விமலாவிடம் ஒப்புக்கொண்டேன்.

"தெரியும்ணா. நான் பாடினதுதான் சரின்னு அப்பவே தெரியும். நீங்க முறைச்சீங்க, அதான் மாறிட்டேன்" என்றார். பிறகு கேட்டார்: "இதை அவர்கிட்ட சொன்னீங்களா?"

சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. மறுநாளே கோடம்பாக்கம் போய்ச் சொன்னேன். "அதுக்கெல்லாம் ஆள் எடுத்தாச்சு சார்" என்று அவர் வாசலிலேயே முடித்துவிட்டார்.

எலெக்ட்ரிக் பியானோ வாங்கலாமா, டிஜிட்டல் வாங்கலாமா என்று இப்போதும் பையன்கள் என்னிடம் கேட்கிறார்கள். முதுகு தாங்குவதை வாங்குங்கள். ஆனால் பன்னிரண்டு ஸ்கேலையும் விரலில் வைத்துக்கொள்ளுங்கள். பாட்டு கோணினால் பாடகியை முறைப்பதற்கு முன்னால் உங்கள் பொட்டியைப் பாருங்கள். நான் அந்தப் பட்டன் மேல் பிளாஸ்திரி ஒட்டிவிட்டு, எல்லா ஸ்கேலையும் மறுபடி முதலிலிருந்து பழகினேன்.

விமலா அதற்குப் பிறகும் ஆறு வருஷம் எங்களோடு பாடினார். சினிமா வாய்ப்பு வேறெதுவும் வரவில்லை. ஒவ்வொரு மேடையிலும் முதல் பாட்டுக்கு முன்னால் என் பக்கம் திரும்பி, மைக்கை மூடாமலே, சிரித்த முகத்தோடு கேட்பார்: "அண்ணா, பட்டனைப் பாத்துட்டீங்களா?"

பிளாஸ்திரி ஒட்டியிருப்பது அவருக்குத் தெரியும். கூட்டம் ஏதோ டெக்னிக்கல் விஷயம் என்று நினைத்துக்கொள்ளும்.

"பாத்துட்டேன் டீச்சர்" என்பேன், நானும் மைக்கில்.