அம்மா எட்டிப் பார்க்காத கார்

ஈரக் கோணிச்சாக்கும் பெட்ரோலும் பழைய தோலும் கலந்த ஒரு வாடைதான் எங்கள் மேலகரத்துத் தெருவுக்குள் முதலில் நுழைந்தது; கார் அதற்குப் பின்னால்தான் வந்தது, அதுவும் தானாக வரவில்லை, முன்பக்கம் கயிறு கட்டி இரண்டு வண்டிமாடுகள் இழுக்க, உள்ளே ஸ்டியரிங்கை இரு கையாலும் பிடித்தபடி என் அப்பா உட்கார்ந்திருக்க, வந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. ஐம்பதுகளின் கடைசி. ஒரு வாரமாகப் பள்ளிக்கூடத்தில் 'எங்க வீட்டுக்குக் காரு வருது' என்று சொல்லித் திரிந்தவள் நான். மாடு இழுத்து வரும் காரைப் பார்த்ததும் எனக்கு அழக்கூடத் தோன்றவில்லை, வாயைத் திறந்தபடி நின்றுவிட்டேன். தெருவில் யாரோ, "அண்ணாச்சி, மாட்டுக்குப் பெட்ரோல் போட்டாச்சா?" என்று கேட்க, அப்பா சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார்.

அந்தக் கார் சொகுசுக்கு வாங்கியது அல்ல. அப்பா தென்காசியில் சின்னதாக ஓர் அச்சாபீஸ் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகையும் கோயில் கொடை விழா நோட்டீஸும் அடிப்பார்கள். அப்பாவுக்கு இளம் வயதிலிருந்தே 'இழுப்பு'. ஆடி மாதச் சாரலிலும் மார்கழிப் பனியிலும் சைக்கிள் மிதித்தால் பாதி வழியிலேயே மூச்சு வாங்கி, ஏதாவது ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். பஸ்ஸில் நெரிசல், பீடிப் புகை. போய்வர ஒரு வழி வேண்டும் என்று அவர் தேடிக்கொண்டிருந்தபோதுதான், தென்காசி லாரி ஷெட்டில் ஒரு மூலையில் கிடந்த இந்தச் சின்னக் கார், ஒரு ஜோடி உழவு மாட்டின் விலைக்கும் குறைவாகக் கிடைத்தது. மலைமேல் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர் விட்டுப்போனது என்றும், அதற்குப் பிறகு ஐந்தாறு கை மாறியது என்றும் சொன்னார்கள். கூரை கித்தானால் ஆனது. இரண்டு இடத்தில் ஒட்டுப் போட்டிருந்தது. இடப்பக்கக் கதவு தாழ்ப்பாள் இல்லாமல் கயிற்றால் கட்டியிருக்கும். காலடியில் தகரம் துருப்பிடித்து உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஓட்டை. அதன் வழியே ரோடு ஓடுவதை நான் பயந்து பயந்து பார்ப்பேன்.

லாரி ஷெட்டுக்காரரே வந்து எஞ்சினைச் சரிபண்ணிக் கொடுக்க, அவரிடமே பத்துப் பதினைந்து நாளில் அப்பா ஓட்டப் பழகிக்கொண்டு லைசென்ஸும் வாங்கினார். ஓட்டினார் என்பதைவிட அதனோடு மல்லுக்கட்டினார் என்பதே சரி. ஒவ்வொரு தடவை கியர் மாற்றும்போதும் அரவை மிஷினில் கல் விழுந்த மாதிரி சத்தம் வரும். தெருவே திரண்டு அந்தக் காரைத் தொட்டுப் பார்த்தது. என் அம்மா மட்டும் அது வந்த நாளில் வாசலுக்குக்கூட வரவில்லை. அடுப்படியிலேயே இருந்தாள். கோயிலுக்குப் போனாலும், தென்காசிச் சந்தைக்குப் போனாலும், பின்சீட்டில் ஏறித் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்து, இறங்கும்வரை வாய் திறக்கமாட்டாள். அவளுக்கு அந்தக் காரைப் பிடிக்கவில்லை என்றே நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

எங்களோடு சிவகாமி அத்தையும் இருந்தாள். அப்பாவின் அக்கா, புருஷனை இழந்த பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். வீட்டில் அவள் சொன்னதுதான் சட்டம். அம்மாவை ஒரு நாளும் அடித்ததில்லை, வைததில்லை. ஆனால் அம்மா அவள் முன்னால் நிமிர்ந்து பேசி நான் பார்த்ததில்லை. காரை ஓட்டப் பழகும் தம்பியைப் பார்த்து அத்தை ஒரு நாள், "நம்ம குடும்பத்துல டிரைவர் சோலி பாத்தவன் ஒருத்தன் கிடையாது. உன் சொந்த வண்டிங்கதுனால பொறுத்துக்கிடுதேன்" என்றாள். அம்மா அப்போது அரிசி களைந்துகொண்டிருந்தாள். கழுநீரைக் கீழே கொட்டிவிட்டு மறுபடியும் தண்ணீர் ஊற்றினாள்.

அது நடந்தது அடுத்த ஆடியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாரல் நன்றாகப் பிடித்திருந்தது. குற்றாலத்தில் குளித்துவிட்டு வரலாம் என்று அத்தைதான் பிடிவாதமாகச் சொன்னாள். அப்பா அருவிப் பக்கமே போகவில்லை, கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு காருக்குள்ளேயே இருந்தார். ஆனால் கித்தான் கூரையின் ஒட்டு பிரிந்து, நாங்கள் குளித்துத் திரும்புவதற்குள் அவர் தோளெல்லாம் நனைந்திருந்தது. கடைவீதியைத் தாண்டி, இரண்டு பக்கமும் வயலும் நடுவே மரம் மூடிய ரோடுமாக இருந்த இடத்துக்கு வந்தபோது, அப்பா இருமத் தொடங்கினார். முன்சீட்டில் அவர் பக்கத்தில் கதவுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு, அவர் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவது போல ஒரு சத்தம் கேட்டது. கார் ஓரமாகப் போய் ஒரு மைல்கல்லை உரசிக்கொண்டு நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அப்பாவின் உதடு நீலமாக மாறிக்கொண்டிருந்தது.

அத்தை அலறினாள். "ஏ முருகா! யாராவது வாங்களேன்!" என்று மழையைப் பார்த்துக் கத்தினாள். மழை வலுத்துவிட்டதால் ரோட்டில் ஒரு மனிதர் இல்லை. பஸ் வர இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும். நான் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தேன், இழுத்தால் மூச்சு வந்துவிடும் என்பது போல.

அம்மா கீழே இறங்கினாள். ஓடி உதவிக்கு ஆள் கூப்பிடப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் காரைச் சுற்றி வந்து அப்பா பக்கத்துக் கதவைத் திறந்தாள். "ஏட்டி, பின்னால போ" என்றாள் என்னிடம். நான் சீட்டின் மேலேறிப் பின்னால் விழுந்தேன். அம்மா அப்பாவின் அக்குளுக்குள் கைகொடுத்து அவரை நான் இருந்த சீட்டுக்குத் தள்ளினாள். முந்தானையை இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டு, ஈரச் சேலையை முழங்கால்வரை தூக்கிவிட்டு, அப்பாவின் இடத்தில் உட்கார்ந்தாள். வெறும் காலால் கீழே எதையோ மிதித்தாள். கியர் கம்பியைப் பிடித்தாள். சத்தமே வரவில்லை. கல் அரைபடும் அந்தச் சத்தம் இல்லாமலே கார் நகர்ந்தது.

அந்த நிமிஷத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. அப்பா சாகப்போகிறாரோ என்ற பயத்தைவிட, அம்மா கார் ஓட்டுகிறாள் என்பதுதான் என்னைக் கல்லாக்கிவிட்டது. அத்தையின் அலறல் பாதியில் அறுந்துபோனது. திறந்த வாயை மூடாமல், அம்மாவின் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அப்பாவின் நெஞ்சுப் பொத்தானைக் கழற்றிவிட்டாள். எதிரே ஆட்டு மந்தை வந்தது. அந்தக் காரின் பிரேக்கை நம்ப முடியாது, அப்பாவாக இருந்தால் வயலுக்குள்தான் இறக்கியிருப்பார். அம்மா கியரைக் குறைத்து, எஞ்சினை உறுமவிட்டு, ஆடுகளுக்கு நடுவே ஊசியில் நூல் கோக்கிற மாதிரி நுழைந்து வெளியே வந்தாள்.

மேலகரத்துக்குள் கார் நுழைந்தபோது, டீக்கடையில் நின்றவர்கள் கிளாஸைக் கையில் பிடித்தபடி உறைந்துபோனார்கள். சைக்கிளில் வந்த ஒருவர் எங்களையே பார்த்துக்கொண்டு போய் வாய்க்காலில் விழுந்தார். எங்கள் தெரு முனை வந்தது. அப்போதுதான் அத்தைக்குக் குரல் திரும்பியது.

"ஏளா, வீடு வந்துட்டு! நிறுத்து! ஊரே பாக்குது!"

"வீட்ல டாக்டரா இருக்காரு மதினி? பேசாம இருங்க."

அம்மா அத்தையிடம் அப்படிப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கார் நிற்காமல் தென்காசியைப் பார்த்து ஓடியது.

டாக்டர் ஊசி போட்டார். எவ்வளவு நேரம் ஆயிற்றோ தெரியாது, அப்பாவின் மூச்சுச் சத்தம் மெல்ல மெல்ல அடங்கியது. டாக்டர் வெளியே வந்து, "இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா சொல்ல முடியாது. வாசல்ல வண்டி வழியை அடைச்சு நிக்குது, உங்க டிரைவரைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொல்லுங்க" என்றார். அம்மா எழுந்து போனாள். டாக்டர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றார். கழற்றிய மூக்குக் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொள்ள மறந்துபோனார்.

அம்மா திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் அத்தை கேட்டாள். "யாரு உனக்கு இதைச் சொல்லிக் குடுத்தது?"

"எங்கப்பா."

"எஸ்டேட் கணக்குப்பிள்ளைக்கு எப்படித் தெரியும் இது?"

அம்மா சேலை நுனியைப் பிழிந்தாள். தரையில் தண்ணீர் சொட்டியது. "அவரு கணக்குப்பிள்ளை இல்ல மதினி. டிரைவர். பொண்ணு பாக்க வரும்போது கணக்குப்பிள்ளைன்னு சொல்லச் சொன்னது எங்க பெரியப்பா."

செங்கோட்டைக்கு அப்பால் மலைத்தோட்டத்தில் இருந்த அந்தத் தாத்தாவை நான் பிறந்ததிலிருந்து இரண்டு தடவைதான் பார்த்திருந்தேன். இரண்டு தடவையும் வந்த அன்றே போய்விட்டார். அதிகம் பேசமாட்டார். ஏன் அவர் எங்கள் வீட்டில் ஒரு ராத்திரி தங்கியதில்லை என்பது எனக்கு அந்த பெஞ்சில்தான் விளங்கியது. தாயில்லாத பிள்ளையான அம்மாவைப் பக்கத்திலேயே உட்கார்த்தி வைத்து மலை ரோட்டில் வண்டி ஓட்டியிருக்கிறார். பதினான்கு வயதில் அவளே தோட்டத்துக்குள் ஓட்டியிருக்கிறாள். கல்யாணத்தோடு அதையெல்லாம் விழுங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அப்பா வீடு திரும்பிய பிறகு மூன்று நாளும், "ஏமாத்திக் கட்டி வச்சுட்டானுவ. அவளைக் கொண்டுபோய் அவ அப்பன்கிட்ட விட்டுட்டு வா" என்று அத்தை சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா டிரங்குப் பெட்டியைத் துடைத்து வெளியே எடுத்து வைத்திருந்ததை நான் பார்த்தேன். அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டே திரிந்தேன்.

நாலாம் நாள் காலையில் அப்பா அவளைக் கூப்பிட்டார். "இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன செய்வியளோ தெரியலையே. தெரியாம எப்படிச் சொல்ல?"

அப்பா மிச்சக் காபியையும் குடித்து டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "உங்கப்பாவுக்கு ஒரு கார்டு போடு. வரச் சொல்லு. வண்டிக்குப் பிரேக் பாக்கணும்" என்றார்.

அம்மா அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

தாத்தா ரயிலில் வந்து இறங்கினார். வீட்டுக்குள் வரத் தயங்கி, நேரே காருக்கு அடியில் போய்ப் படுத்தார். அப்பா போய் அவர் காலடியில் குந்தி உட்கார்ந்து, "மாமா, முதல்ல சாப்பிட வாங்க" என்றார். எட்டு நாள் இருந்தார். அத்தை அந்த வாரமே வாசுதேவநல்லூரில் இருந்த தன் மகன் வீட்டுக்குப் புறப்பட்டாள். காரில் கொண்டுவிடுவதாக அப்பா சொல்லியும் கேளாமல் பஸ்ஸில் போனாள். கடைசிவரை திரும்பி வரவில்லை.

அம்மா லைசென்ஸ் எடுத்தாள். மூன்று வருஷம் அப்பாவைக் காலையில் அச்சாபீஸில் இறக்கிவிட்டுச் சாயங்காலம் கூட்டி வந்தாள். அதற்குமேல் அந்த எஞ்சின் தாங்கவில்லை. பழைய இரும்புக்குத்தான் போயிற்று. வேறு வண்டி வாங்க எங்களுக்கு வசதி வரவில்லை; அதன்பின் அம்மா ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை.

போன மாதம் அந்த வழியே போனேன். வயல்கள் இருந்த இடத்தில் லாட்ஜுகளும் கல்யாண மண்டபங்களும். மரம் மூடிய ரோடு அகன்று வெயிலில் கிடக்கிறது. உரசிய மைல்கல் எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கார் ஓட்டும் பெண்களை இப்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அப்பா இல்லை, அம்மாவும் போய்ச் சில வருஷமாகிறது.

இறப்பதற்கு முந்தின வருஷம் அவளிடம் கேட்டேன், அன்றைக்குப் பயமாக இல்லையா என்று.

"பயமாத்தான் இருந்துச்சு. அவிய செத்துருவாவளோன்னு. ஆனா ரெண்டாவது கியர் விழுந்து வண்டி ஓட ஆரம்பிச்சுதுல்லா, எனக்கு அம்புட்டு சந்தோஷமா இருந்துச்சுட்டி. இந்த ரோடு முடியாம இருந்தா தேவலைன்னு ஒரு நிமிஷம் நெனச்சேன். புருஷன் சாகக் கெடக்கும்போது எந்தப் பொம்பளையாவது அப்படி நெனப்பாளா?"

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.