தறி நின்றபோது கேட்ட பேச்சு

போன ஞாயிற்றுக்கிழமை காலை மகள் மிக்ஸியில் தேங்காய்ச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். ஒரு கை மூடியின் மேல். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன், அந்தப் பக்கம் சென்னையில் மாப்பிள்ளை. மிக்ஸி சத்தத்தை மீறிக் கேட்க வேண்டுமே என்று கத்திப் பேசிக்கொண்டிருந்தாள். அது பழைய மிக்ஸி, சூடானால் தானாக நின்றுவிடும். நின்றது. "மாத்திரைய நிறுத்துறதெல்லாம் அடுத்த வருஷம் பாத்துக்கலாம்பா" என்று அவள் கத்தியது மட்டும் சமையலறை முழுக்கக் கேட்டது.

ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கீழே உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், "அடியில செவப்பு பட்டன் இருக்குது பாரு, அத அமுக்கு" என்று மட்டும் சொன்னார். அவள் அமுக்கினாள், மிக்ஸி ஓடியது, பேச்சும் தொடர்ந்தது. நான்தான் கரண்டியை வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர சிரித்தேன். வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அவருக்கும் அதே ஞாபகம்தான் என்று காது சிவந்ததில் தெரிந்தது. அந்தக் காது இன்னும் மாறவில்லை.

நீங்கள் தரையில் குழி வெட்டிப் போட்ட குழித்தறி ஓடும் வீட்டில் இருந்திருக்கிறீர்களோ என்னவோ. பிள்ளையார்பாளையத்தில் நான் வாழ்க்கைப்பட்டு வந்த வீடு மொத்தமே ஒரு கூடம், அதற்குப் பின்னால் ஒரு சமையல் கட்டு. கூடத்தில் பாதியைத் தறி எடுத்துக்கொண்டது. மீதிப் பாதியில் அத்தை, அதாவது என் மாமியார், ராட்டையோடு உட்கார்ந்து தறிக்கு வேண்டிய நூலைத் தாராகச் சுற்றுவார். மாமா நான் வருவதற்கு முன்பே போய்விட்டார். நடுவில் ஒரு பழைய சேலைதான் எங்களுக்கும் அத்தைக்கும் இடையில் இருந்த சுவர். அந்தச் சேலைக்கு அந்தப் பக்கம் அத்தை இருமினால் இந்தப் பக்கம் எங்களுக்குப் புரையேறும். புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் எங்கே போய்ப் பேசுவது?

தறியில்தான். உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று சேர்த்து நெய்கிற கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். நடுவில் உட்கார்ந்து உடம்பு நெய்கிறவர் ஒருவர், பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நூல் கொண்டுபோகிற நாடாவைத் தள்ளுகிறவர் ஒருவர். அவர் நடுவில், நான் பக்கத்தில், தோளோடு தோள். தறி ஓடும்போது அந்தச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவருக்கே கத்தினால்தான் கேட்கும். கொஞ்சம் தள்ளி ராட்டையில் இருப்பவருக்குச் சுத்தமாகக் கேட்காது. ஊரில் எல்லாரும் ரகசியத்தைக் கிசுகிசுப்பார்கள். நாங்கள் தொண்டை கிழியக் கத்துவோம். சினிமாவுக்குப் போகலாமா என்பதிலிருந்து, அன்றைக்குக் குழம்பில் உப்பு ஏன் அப்படி இருந்தது என்பதுவரை எங்கள் அந்தரங்கம் எல்லாம் அப்படித்தான் நடந்தது.

எப்போது குழந்தை என்பதையும் அங்கேதான் முடிவு செய்தோம். கல்யாணத்துக்கு முந்தின மாதம்தான் எனக்கு ஆசிரியர் பயிற்சியில் இடம் கிடைத்திருந்தது. இரண்டு வருஷப் படிப்பு. எங்கள் வம்சத்தில் கரும்பலகைக்கு அந்தப் பக்கம் போய் நிற்கப்போகிற முதல் ஆள் நான். விடியற்காலையில் கொஞ்ச நேரம் தறி, அப்புறம் பஸ் பிடித்து வகுப்பு, சாயங்காலம் மறுபடி தறி. நடுவில் வயிற்றில் ஒன்று வந்தால் படிப்பு அதோடு சரி. வகுப்பில் அப்படி நின்றவர்கள் இருந்தார்கள். "பொறந்ததுக்கு அப்புறம் வந்து சேந்துக்கறேன்" என்று போனவர்களில் திரும்பி வந்த யாரையும் நான் பார்க்கவில்லை. எனக்குக் குழந்தை பிடிக்கும். ஆனால் அந்த இரண்டு வருஷம் எனக்கு வேண்டும், வெறியோடு வேண்டும். சொன்னேன். அவர் நாடாவை ஓட்டிக்கொண்டே தலையாட்டினார். "அம்மாகிட்ட யாரு சொல்றது?" என்று கத்தினார். அத்தை உத்தரத்தில் இருந்த தூளிக் கொக்கியை அடிக்கடி அண்ணாந்து பார்க்க ஆரம்பித்திருந்த காலம் அது.

முதல் பொறுப்பை அவர் ஏற்றுக்கொண்டார், மருந்துக் கடைக்குப் போய் ஆணுறை வாங்கி வருவது. கடைக்காரர் எங்கள் தெருவிலேயே பெண் எடுத்தவர், சொந்தம் மாதிரி. இவர் போய் நிற்பார். கூட்டம் குறையட்டும் என்று காத்திருப்பார். குறைந்ததும் கடைக்காரர் "உனக்கு இன்னாபா?" என்று கேட்பார். இவர் வாயில் "தலைவலித் தைலம்" என்று வரும். மறுபடி போவார், மறுபடி தைலம். கடைசியில் ஐயம்பேட்டைக்குப் போனால் தெரிந்த முகம் இருக்காது என்று ஷேர் ஆட்டோ பிடித்துப் போனார். போன இடத்தில் அந்தக் கடை வாசலில் என் சொந்த அண்ணன் நின்றுகொண்டிருந்தான், அவனும் கூட்டம் குறையக் காத்துக்கொண்டு. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நலம் விசாரித்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு தைலம் வாங்கிக்கொண்டு, ஒரே ஆட்டோவில் திரும்பி வந்தார்கள். அந்தத் தைல வாசனை எங்கே வந்தாலும் எனக்கு இன்றைக்கும் அந்த ஐயம்பேட்டைப் பயணம்தான் நினைவுக்கு வரும்.

வீட்டு மாடத்தில் தைலம் வரிசையாகச் சேர்ந்தது. அத்தைக்குக் கவலை பிடித்துக்கொண்டது. கண்ணை உறுத்துகிற ஜரிகை வேலையால் பிள்ளைக்கு ஓயாத தலைவலி என்று முடிவு கட்டி, சுக்குக் கஷாயம் வைத்துக் காலை மாலை இவர் வாயில் ஊற்றினார். ஒரு தலைவலியும் இல்லாத மனிதர் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்ததைப் பார்க்க எனக்குப் பாவமாகவும் இருந்தது, ரொம்பச் சந்தோஷமாகவும் இருந்தது.

இவரை நம்பினால் இரட்டைக் குழந்தைதான் என்று நானே கிளம்பினேன். வகுப்பு முடிந்து வரும் வழியில் இருந்த ஆஸ்பத்திரியில் நர்சம்மாவிடம் கேட்டேன். அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. பிரஷர் பார்த்தார், டாக்டரிடம் காட்டினார், தினமும் ஒரே நேரத்தில் போட வேண்டும் என்று சொல்லி மாத்திரை அட்டையைக் கையில் கொடுத்தார். அதை ஆசிரியர் பயிற்சிப் புத்தகத்தில் குழந்தை உளவியல் பாடத்துக்குள் வைத்தேன். அத்தைக்கு எழுத்து வராது, புத்தகத்தைத் தொடமாட்டார். அப்படியே கொஞ்ச மாதம் ஓடியது.

ஒரு நாள் காலை. ஆடி மாதம், அம்மனுக்குக் கூழ் ஊற்றிய வீடு என்று எதிர் வீட்டு மல்லிகா அக்கா ஒரு தூக்கில் கூழ் கொண்டுவந்து அத்தையிடம் கொடுத்துவிட்டு, வாசல்படியில் நின்று பேசிக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. எனக்கு மாத்திரை தீர்ந்துபோய்விட்டது, அன்றைக்கு உள் தேர்வு, ஆஸ்பத்திரிப் பக்கம் போக முடியாது. நாடாவில் கண்ணை வைத்துக்கொண்டு கத்தினேன். அந்த நேரம் பார்த்துப் பாவில் ஓர் இழை அறுந்தது. இவர் மிதியிலிருந்து காலை எடுத்தார். தறி நின்றது. அத்தையின் ராட்டையும் பேச்சு சுவாரஸ்யத்தில் நின்றிருந்தது.

"எனக்கு இப்போ கொழந்த வேணாங்க, மாத்திரை தீந்துபோச்சி, நீங்களே வாங்கிக்கினு வாங்க."

அவ்வளவு அமைதியை நான் அந்த வீட்டில் அதற்கு முன் கேட்டதே இல்லை. இவர் அறுந்த இழையைத் தேடுகிற சாக்கில் தறிக்குள் தலையை விட்டுக்கொண்டார், காது மட்டும் வெளியே சிவப்பாகத் தெரிந்தது. மல்லிகா அக்கா வாயில் கை வைத்தார். படிப்பு போச்சு என்றுதான் நினைத்தேன். இன்றைக்கே அப்பா வீட்டுக்கு ஆள் போகும், பெரியவர்கள் உட்காருவார்கள், முதலில் குழந்தை பிறகு எல்லாம் என்பார்கள்.

அத்தை தூக்கைக் கீழே வைத்தார். மல்லிகா அக்காவைப் பார்த்து, "நாந்தாம்மா சொன்னேன். படிச்சி முடிக்கிற வரிக்கும் வேணாம்னு" என்றார். அப்புறம் ராட்டையில் உட்கார்ந்து சுற்ற ஆரம்பித்தார்.

மல்லிகா அக்கா போன பிறகு அத்தை தறியோரம் வந்து நின்றார். கோபம்தான். ஆனால் நான் நினைத்த கோபம் இல்லை. "தெருவுக்குத் தெரியக் கூடாதுன்றீங்க, சரி. நான் இன்னா தெருவாமா?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் கேட்கவிடவில்லை. "எனக்கு அஞ்சு. எப்போ வேணும்னு யாரும் கேக்கல. கேட்டிருந்தா வேணும்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா யாரும் கேக்கலையேம்மா" என்றார். பிறகு மாடத்தைப் பார்த்து, மகனைப் பார்த்து, "அப்போ இத்தினி தைலமும் இதுக்குத்தானாடா?" என்று கேட்டார். இவர் தறியை விட்டு வெளியே வரவே இல்லை. நாங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கூழ் ஆறிப்போனது.

அன்றிலிருந்து என் மாத்திரைக்கு அத்தைதான் காவல். சாப்பிட்டுப் பாத்திரம் ஒழித்துப் போடும் நேரத்தில், வாசலில் இருந்தாலும் சரி, எதிர் வீட்டில் கதை பேசிக்கொண்டிருந்தாலும் சரி, அங்கிருந்தே குரல் வரும்: "மாத்திரை போட்டியாம்மா?" தெருவே திரும்பும். என்ன வியாதியோ என்று பாவப்பட்டு யாரோ முருங்கைக்கீரை ஆய்ந்து கொடுத்தனுப்பினார்கள். இன்னொரு வீட்டிலிருந்து பேரீச்சம்பழம் வந்தது. அந்த இரண்டு வருஷத்தில் நான் நல்ல பூரிப்பாகத்தான் இருந்தேன். விஷயம் தெரிந்த மல்லிகா அக்காவோ ஊரெல்லாம் சொல்லிவிடுவார் என்று பயந்தேன். அவர் மறுவாரமே வந்து தறிப் பலகையில் என் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, இவரைத் தண்ணீர் குடிக்க அனுப்பிவிட்டு, "நீ சும்மா நாடாவ அடிச்சிக்கினே இரு, சத்தம் வரட்டும்" என்று சொல்லி, அந்த நர்சம்மா எந்தக் கிழமை இருப்பார் என்று காதில் கேட்டார். அவருக்குப் பிறகு இன்னும் சிலர் வந்தார்கள். சில நாள் அந்தத் தறியில் சேலை நெய்ததைவிட ஆலோசனை சொன்னதுதான் அதிகம்.

தேர்வு முடிந்தது, பாஸ் செய்தேன். ஒரு பள்ளிக்கூடத்தில் வேலையும் வந்தது. கரும்பலகைக்கு அந்தப் பக்கம் நின்று, சாக்பீஸ் தூள் விரலில் பட்ட முதல் நாள் எனக்கு ஏற்பட்ட பூரிப்பை இங்கே எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். அத்தையோ மாத்திரையை விடுவதாக இல்லை. வேலை நிலைக்கட்டும் என்றார். பிறகு வெயில் காலம் போகட்டும் என்றார். எங்களைவிட அவர்தான் கறாராக இருந்தார். கடைசியில் ஒரு நாள் காலை நாங்கள் இருவரும் தறியில் கத்திப் பேசி முடிவு செய்தோம். பேசி முடித்ததும் இவர், இழை எதுவும் அறுகாமலே, மிதியிலிருந்து காலை எடுத்தார். தறி நின்றது. அத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"அத்த, இனிமே மாத்திரை வேணாம்" என்றேன். கத்தத் தேவையில்லாமல் இருந்தது.

அத்தை ராட்டையை ஒதுக்கி வைத்தார். எழுந்து போய் ஒரு கிண்ணத்தில் தேங்காயெண்ணெய் எடுத்துக்கொண்டு வந்து, முக்காலி போட்டு மகனை ஏறச் சொன்னார். "கொக்கி துருவேறிக்கினு இருக்குது பாரு, நல்லா தொட" என்றார். அடுத்த வருஷம் அந்தக் கொக்கியில் ஆடியவள்தான் இப்போது மிக்ஸியை நிறுத்திவிட்டு, எதற்கம்மா இப்படிச் சிரிக்கிறாய் என்று என்னைக் கேட்டவள்.

வீட்டை இடித்துக் கட்டிவிட்டோம். அந்த உத்தரமும் இல்லை, கொக்கியும் இல்லை. தறி பின்கட்டில் தனிக் கொட்டகையில் நன்றாக ஓடுகிறது, பக்கத்தில் உட்காரத் தங்கமான ஒரு பெண் வருகிறாள். அறைக்கு அறை கதவு இருக்கிறது. ஒருவரும் எதற்கும் கத்த வேண்டியதில்லை. நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. மகளும் மாப்பிள்ளையும் யாரைக் கண்டும் பயப்படாமல் பேசிக்கொள்வதைக் கேட்கும்போது எனக்கு மனம் நிறைகிறது.

அன்றைக்குச் சாப்பாடு முடிந்ததும் பழக்கதோஷத்தில் நானும் மகளிடம் கேட்டேன், மாத்திரை போட்டியா என்று. "அலாரம் வெச்சிருக்கேம்மா" என்றாள். சரியாக அந்த நேரத்துக்குப் போன் ஏதோ ஒரு மெட்டைப் பாடியது. அவள் அமுக்கினாள், நின்றுவிட்டது. அத்தை அப்படி நிற்கமாட்டார். பதில் வரும்வரை வாசலில் இருந்து கேட்டுக்கொண்டே இருப்பார்.

எனக்கும் இப்போது பிரஷருக்கு ஒரு மாத்திரை இருக்கிறது, பாத்திரம் ஒழித்துப் போட்டதும் போட்டுக்கொள்வது. அத்தை போய்ச் சில வருஷம் ஆகிறது. தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்க்கும்போது, யாரும் கேட்காமலே, "போட்டேன் அத்த" என்று சொல்லிக்கொள்கிறேன்.