ஒரே குழாயில் மூச்சு

எழுபதுகளின் நடுவில் மெல்பர்னில் தமிழ் பேச ஓர் ஆள் கிடைப்பது அபூர்வம். அதன் புறநகர் கிளேட்டனில் நான் ஆராய்ச்சி மாணவன். எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வந்தவர் ஊரில் பக்கத்துத் தாலுகாக்காரர் என்று தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். "வாங்க தம்பி, சாப்பிட்டீங்களா?" என்பார். அதைக் கேட்பதற்காகவே அவர் அறைக்குப் போவேன். இரண்டு பேரும் சேர்ந்துதான் ஸ்கூபா டைவிங் வகுப்பில் சேர்ந்தோம்.

ஊர்க் கிணற்றில் இறங்கவிடாத இடத்தில் பிறந்தவனுக்குக் கடலுக்கடியில் போக ஏன் ஆசை என்று யாரும் என்னைக் கேட்க வேண்டாம். பயிற்சி முடித்தால் ஓர் அட்டை தருவார்கள். அது இருந்தால்தான் கோடை விடுமுறையில் மற்றவர்களோடு வடக்கே பவளத்தீவு விடுதிக்குப் போய்க் கடலில் இறங்க முடியும். அந்த அட்டைக்காகத் தவம் கிடந்தேன்.

ஒருநாள் வகுப்புக்குப் போகும் வழியில், கார் ஓட்டிக்கொண்டே கேட்டார்.

"ஊர்ல உங்க வீடு எந்தப் பக்கம் தம்பி?"

"காலனிண்ணே."

எங்கள் பக்கத்தில் காலனி என்றால் எந்தச் சனம் என்று அதற்குமேல் கேட்கத் தேவையில்லை. "ஓகோ" என்றார். அன்றிலிருந்து நான் 'நீ' ஆகிவிட்டேன். சாப்பாட்டு விசாரிப்பும் நின்றுபோனது. ஊர் டீக்கடையில் எனக்கென்று வைத்திருந்த தனி டம்ளர் விமானம் ஏறி வந்துவிட்டது என்று அப்போதே புரிந்திருக்க வேண்டும். மரமண்டை, புரியவில்லை.

இந்தியர்கள் இருவர் என்று பயிற்சியாளர் எங்களை ஜோடி சேர்த்திருந்தார். செம்பட்டைத் தாடிக்கார வெள்ளைக்காரர், நல்ல மனிதர். நீருக்கடியில் ஒருவரின் காற்று தீர்ந்துபோனால் மற்றவரின் முதுகுச் சிலிண்டரிலிருந்து வரும் குழாயை இருவரும் மாற்றி மாற்றி வாயில் வைத்து மூச்சுவிட வேண்டும். ஆளுக்கு இரண்டு மூச்சு. அந்தக் காலத்தில் எல்லாருக்கும் இதுதான் பாடம்.

நீச்சல் குளத்தில் என் வாயிலிருந்து எடுத்து நீட்டினேன். அவர் வாங்கி, கட்டைவிரலால் தேய்த்து, உதட்டருகே வைத்ததுபோல் பாசாங்கு செய்து திருப்பிக் கொடுத்தார். மூச்சுத் திணறியதும் மேலே ஓடினார். பிறகு ஒரு வெள்ளைக்காரப் பெண்ணோடு செய்யச் சொன்னபோது கச்சிதமாகச் செய்தார். அவள் வாயிலிருந்து வாங்கி அப்படியே கடித்துக்கொண்டார்.

கடைசிப் பரீட்சை கடலில், ஒரு மரப்பாலத்தின் அடியில். குளிர் எலும்பைக் கடித்தது. அடியில் போய்க் குழாயை நீட்டினேன். தலையை ஆட்டிவிட்டு மேலே பாய்ந்தார். கரையில் பயிற்சியாளர் அவரைத் திட்டித் தீர்த்தார். மூச்சை அடக்கிக்கொண்டு இப்படி மேலே வந்தால் நுரையீரல் கிழிந்துவிடும்.

அந்த மனிதர் கூசாமல் சொன்னார், நான் குழாயை விடவில்லையாம். பிடித்துக்கொண்டேனாம்.

பயிற்சியாளர் என் பக்கம் திரும்பினார். கூட்டாளிக்குக் காற்றுத் தராதவனுக்கு அட்டை கிடையாது என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் அந்தச் சிலிண்டரைத் தூக்கி அடித்திருப்பேன். அடிக்கவில்லை. என் வாயில் பட்டதை இவர் வாயில் வைக்கமாட்டார், எங்கள் நாட்டில் இதற்கென்றே ஒரு சட்டம் எழுதாமல் நடக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னேன். பயிற்சியாளர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. "மறுபடியும் இறங்குங்க. நானும் வர்றேன்" என்பதுபோல் ஏதோ சொல்லிவிட்டு முகமூடியை மாட்டினார்.

மணலில் மண்டியிட்டோம். பயிற்சியாளர் பின்னால் போய் அந்த மனிதரின் சிலிண்டர் காற்றைத் தன் கையாலேயே அடைத்தார். அந்தப் பாடத்தில் அப்படியும் செய்வதுண்டு. நான் குழாயை எடுத்து நீட்டிக்கொண்டே இருந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் அவர் கண்கள் பெரிதாயின. பிடுங்கினார். இரண்டு மூச்சு. மூன்று. நான்கு. திருப்பித் தர மனமே இல்லை. பயிற்சியாளர் தோளில் தட்டிய பிறகுதான் விட்டார். நான் ஒன்றும் துடைக்கவில்லை, வாயில் வைத்துக்கொண்டேன். அப்படியே மாற்றி மாற்றி மெதுவாக மேலே வந்தோம்.

இடுப்பளவுத் தண்ணீரில் நின்றோம். இருவரும் தேறினீர்கள் என்று பயிற்சியாளர் கையைக் குலுக்கிவிட்டுக் கரையேறினார். அந்த மனிதர் முகமூடியைக் கழற்றி, கடல் நீரை இரு கையாலும் அள்ளி வாய் கொப்பளித்தார். துப்பினார். மறுபடி அள்ளினார். எனக்கு அட்டை கிடைத்த சந்தோஷம் அங்கேயே செத்தது.

"நல்லாக் கொப்பளிங்கண்ணே," என்றேன். "நானும் இதே தண்ணியிலதான் நிக்கிறேன்."

வாய் நிறையத் தண்ணீரோடு, துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல், கன்னம் உப்பி அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.