ஆணியில் தொங்கிய ஷீல்டு

எங்கள் பட்டறையில் ஒரே ஒரு ஷீல்டு இருந்தது. வெல்டிங் வைக்கும்போது முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்கிற, நடுவில் கறுப்புக் கண்ணாடி பதித்த தடுப்பு. வருஷம் முழுக்க அது முதலாளியின் நாற்காலிக்கு மேலே ஆணியில் தொங்கும். ஆயுத பூஜைக்கு மட்டும் இறங்கும். துடைத்து, சந்தனம் தடவி, கண்ணாடியின் நடுவில் குங்குமப் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டுவோம். மறுநாள் திரும்ப ஆணிக்கே போய்விடும். எங்கள் கண்ணைக் காப்பாற்ற வேண்டிய சாமான் எங்களிடமே கும்பிடு வாங்கிக்கொண்டு சுகமாக இருந்தது.

எழுபதுகளின் கடைசி அது. செங்கம் ரோட்டில் கிரில், கேட், வண்டி அச்சு என்று எது வந்தாலும் பற்றவைக்கிற பட்டறை. மாதச் சம்பளம் கிடையாது. முடித்த வேலைக்குத்தான் சனிக்கிழமை கூலி. வலது கையில் உருகி ஒட்டுகிற ராடு மாட்டிய ஹோல்டர், இடது கையில் ஒட்ட வேண்டிய கம்பி. கம்பியைப் பிடித்துக்கொடுக்க ஓர் ஆள் போட முதலாளிக்கு மனசு வராது. ஷீல்டைப் பிடிக்க எங்களுக்கு மூன்றாவது கை முளைத்தால்தான் உண்டு. ஆகவே கண்ணைச் சுருக்கி, முகத்தைக் கொஞ்சம் திருப்பி, வெறுங்கண்ணால் நெருப்பைப் பார்த்தே வேலை செய்தோம். சில பேர் தீபத் திருவிழாக் கடையில் வாங்கிய கூலிங் கிளாஸைப் போட்டுக்கொண்டு பெரிய பாதுகாப்பு என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன்.

"மொதலாளி, அந்த ஷீல்ட எடுத்துக்கட்டுங்களா?"

"எடுத்துக்கோப்பா. நானா வேணான்றேன்? ஒடைஞ்சா கூலியில புடிச்சிக்குவேன். வேலயும் கம்மியாத்தான் ஆவும், பாத்துக்கோ" என்றார். என்னைத் தன் சொந்தப் பிள்ளை மாதிரி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த மனிதர்.

சாயந்திரம் வீட்டுக்குப் போனால் கண்ணில் மணலை அள்ளிப் போட்டது போல் இருக்கும். இமை வீங்கும், நீர் கொட்டும். என் மனைவி கைக்குழந்தையைப் பக்கத்தில் கிடத்திவிட்டு, "இன்னாங்க, கண்ண நல்லாத் தொறங்க" என்று தன் பாலையே இரண்டு கண்ணிலும் சொட்டு விடுவாள். வெல்டர் வீடுகளில் அதுதான் வைத்தியம். வீட்டில் பால் கொடுக்கிறவள் இல்லாவிட்டால் தெருவில் யாருக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்று விசாரித்து, பால் வாங்கிவரப் பாலாடைச் சங்கை அனுப்புவார்கள். பிள்ளை பெற்ற வீடுகளைத் தெரிந்து வைத்திருப்பதும் எங்கள் தொழிலில் ஒரு பாகம். இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் கூச்சப்பட வேண்டியவன் நான் இல்லை.

எங்கள் தெருவில் ஒரு பாய், வளைகுடா நாட்டில் ஃபிட்டர் வேலை. லீவில் வந்தவர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். அங்கே ஒரு மாதத்தில் கிடைப்பது இங்கே எனக்கு ஒரு வருஷத்துக் கூலி என்றார். நல்லதை மட்டும் சொல்லவில்லை. பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள், அறையில் ஆளுக்கு மேல் ஆளாகப் படுக்க வேண்டும், வெயிலில் இரும்பைத் தொட்டால் தோல் உரியும், இரண்டு வருஷத்துக்கு ஊர்ப் பக்கம் தலைகாட்ட முடியாது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அங்க கண்ணுக்குக் கண்ணாடி குடுப்பாங்களா பாய்?"

"கண்ணாடி இல்லாம உள்ளயே உடமாட்டாங்கம்மா."

"அப்பன்னா போங்க" என்றாள் என்னிடம்.

வளைகுடாக் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறவர்கள் மெட்ராஸுக்கு வெளியே ஒரு கொட்டகையில் பரீட்சை வைத்தார்கள். தலையில் மாட்டுகிற தினுசில் ஒரு ஷீல்டைக் கொடுத்தார்கள். மாட்டி இறக்கினேன். கும்மிருட்டு. நெருப்பு பற்றும் வரைக்கும் அதற்குள் ஒன்றும் தெரியாது என்பதே எனக்குத் தெரியாது. இரண்டு தகடும் சேரும் இடம் எங்கே என்று தடவினேன். ராடு போய்த் தகட்டில் ஒட்டிக்கொண்டது. பிடுங்கினேன், மறுபடி ஒட்டிக்கொண்டது. பின்னால் யாரோ சிரித்தார்கள். ஷீல்டை மேலே தள்ளிவிட்டு, பட்டறையில் செய்வது போல் வெறுங்கண்ணால் ஒரே இழுப்பில் முடித்தேன். கோடு போட்ட மாதிரி வந்தது.

பரீட்சை வைத்தவர் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வேலை பிரமாதம். ஆனா நீ வேணாம்ப்பா. அங்க வந்து இப்படி செஞ்சா உன் கண்ணு போயிடும். கம்பெனிதான் பதில் சொல்லணும்."

என் கண்ணைப் பற்றித் தொழிலில் ஒருவர் கவலைப்பட்டது அதுதான் முதல் தடவை. அந்தக் கவலையே என்னை வெளியே தள்ளியது. கண்ணாடி கொடுக்கிற இடத்துக்குப் போகக் கண்ணாடி போட்டுப் பழகியிருக்க வேண்டுமாம். எங்கே போய்ப் பழகுவது?

ஊருக்கு வந்த மறுநாள் முதலாளியைக் கேட்காமலே ஆணியிலிருந்து ஷீல்டை இறக்கினேன். கண்ணாடியில் காய்ந்திருந்த குங்குமத்தை எச்சில் தொட்டுத் துடைத்தேன். இடது கை ஷீல்டுக்குப் போய்விட்டதால் கம்பியைக் கல்லால் அண்டை கொடுத்து வேலை செய்தேன். முதலாளி சொன்னது போலவே வேலை பாதியாயிற்று, கூலியும் பாதியாயிற்று. "தொரை துபாய்க்குப் போறாரு, நம்ம கிரில்லு இனிமே நேரத்துக்கு வராது" என்று வாடிக்கைக்காரர்களிடம் கேலி செய்தார். என் மனைவி ஒரு வேளைச் சோற்றைக் குறைத்துக்கொண்டாள். யாருடைய சோற்றை என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

குழந்தை பால் மறந்து ஓடித் திரிந்த சமயம் பாய் மறுபடி லீவில் வந்தார். அவர் சொல்லி இரண்டாம் தடவை போனேன். அதே கொட்டகை. இந்த முறை இருட்டுக்குள் என் கை தானாக இடத்தைத் தேடிப் போயிற்று. தேறிவிட்டேன். ராத்திரி தங்கிய பஸ் ஸ்டாண்டிலேயே மகளுக்கு ஒரு பிளாஸ்டிக் விமானம் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் உடம்புப் பரிசோதனை. சுவரில் எழுத்துப் பலகை. டாக்டர் ஒரு கண்ணை மூடச் சொன்னார். பலகையின் ஓரம் தெரிந்தது, ஆணி தெரிந்தது. நான் நேராகப் பார்த்த இடத்தில் மட்டும் புகை படிந்தது போல் ஒரு கறை. மறு கண்ணிலும் அப்படியே. நெருப்பு தெரிந்துகொண்டிருந்ததால், எழுத்து போய்விட்டதை நான் கவனிக்கவே இல்லை.

"வெல்டிங் செய்யறப்ப கண்ணாடி போடறீங்களா?"

"போடறேங்க."

"இப்ப போடறீங்க" என்றார் டாக்டர். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

கண் போய்விட்டது, அந்த வேலையும் இல்லை என்று வீட்டில் சொன்னதும் என் மனைவி எழுந்து, பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றிருந்தவளிடம் சங்கை எடுத்துக்கொண்டு போனாள். அந்தப் பால் இனி ஒன்றுக்கும் உதவாது என்று அவளுக்கும் தெரிந்திருக்கும்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முதலாளி ஷீல்டைப் பளபளவென்று துடைத்து வைத்திருந்தார். பட்டறையில் மூத்தவன் நான்தான் என்று குங்குமக் கிண்ணத்தை என் கையில் கொடுத்தார். விரலால் தொட்டு, கண்ணாடிக்கு நேர் நடுவில் என்று நினைத்த இடத்தில் வைத்தேன். பொட்டு எனக்குத் தெரியவில்லை.

"சரியா வெச்சிருக்கனா மொதலாளி?" என்று கேட்டேன்.

"அம்சமா இருக்குதுப்பா" என்று சொல்லிக் கற்பூரத்தைக் கொளுத்தினார்.