வராமல் போன மூன்று ஞாயிறுகள்

பெட்டியைத் திறந்ததுமே சோப்பு வாசனை சந்து முழுக்கப் பரவும்...

பக்கத்து வீட்டு ரோஸி அக்கா பிரான்சிலிருந்து லீவுக்கு வந்தால் எங்கள் முதலியார்பேட்டைத் தெருவுக்கே தெரிந்துவிடும். எனக்கும் ஒரு சோப்பு கொடுப்பார். போட்டுக் குளிக்க மனசு வராது. புடவைகளுக்கு நடுவே வைத்துக்கொள்வேன்.

2004, 2005 இருக்கும். நான் ஒரு டிடிபி சென்டரில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். எனக்கும் செல்வத்துக்கும் நிச்சயம் முடிந்திருந்தது. அவர் கடலூர் போகும் பஸ்ஸில் கண்டக்டர். அதிர்ந்து பேச மாட்டார். ஞாயிறு காலையில் வீட்டுக்கு வந்து, அம்மா கொடுக்கும் காபியைக் குடித்து, என்னோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போவார்.

எனக்குத்தான் மனசு நிற்கவில்லை. ரோஸி அக்காவின் தங்கைக்கும் பிரான்ஸ் மாப்பிள்ளை அமைந்ததிலிருந்து எதைப் பார்த்தாலும் குறை. செல்வம் தலையில் தடவும் எண்ணெய் குறை, சிரித்தால் தெரியும் தெற்றுப்பல் குறை...

ஒரு ஞாயிறு சொல்லியே விட்டேன்.

"பிரெஞ்சாவது தெரிஞ்சா ஏதாவது வழி பொறக்கும். உங்களுக்கு அந்த ஆசையே இல்ல."

அவர் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கு அடுத்ததும் இல்லை. அவரிடம் என்னடி சொன்னாய் என்று அம்மா துளைத்தெடுத்தார். மூன்றாவது ஞாயிறும் காபி ஆறிப்போனது. அன்றைக்குத்தான் பயம் வந்தது. பிரான்ஸ் நினைப்பே வரவில்லை. அந்தத் தெற்றுப்பல் சிரிப்புதான் கண்ணுக்குள் நின்றது.

திங்கட்கிழமை வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு அவர் பஸ்ஸில் ஏறினேன். நல்ல கூட்டம். தவளக்குப்பத்தில் பாதிப் பேர் இறங்கிய பிறகுதான் பக்கத்தில் வந்தார். கோபமா என்று கேட்டேன். அவர் ஒன்றும் புரியாமல் முழித்தார். பிறகு பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினார்.

கோணல்மாணலாகப் பிரெஞ்சு எழுத்து. பக்கத்திலேயே அதை எப்படிப் படிப்பது என்று தமிழில்.

"ஞாயித்துக்கெழம கிளாஸுக்குப் போறேன். நாலு வார்த்த ஒழுங்கா வந்தப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்."

"உங்களுக்குத்தான் ஆசை இல்லியே," என்றேன்.

"எனக்கு இல்ல. உனக்கு இருக்குல்ல."

விசில் ஊதிவிட்டு முன்பக்கம் போய்விட்டார். நான் கடலூர் வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே போனேன்.

அடுத்த தையில் கல்யாணம். வகுப்பு அதோடு நின்றது. நாங்கள் எந்த நாட்டுக்கும் போகவில்லை.

ஆசையெல்லாம் அடங்கிவிட்டது என்றால் பொய். அப்போது ஒரே ஒரு வீட்டைப் பார்த்துத்தான் ஏக்கம். இப்போது போனைத் திறந்தால் ஊரில் எல்லார் வீட்டுச் சமையலறையும் தெரிகிறது, எல்லாரும் போன டூரும் தெரிகிறது... பெருமூச்சு இன்றைக்கும் வரத்தான் செய்கிறது.

ஆனால் சாயங்காலம் டியூட்டி முடிந்து அவர் வண்டியை நிறுத்தும் சத்தம் கேட்டால், போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்துபோய்க் கதவைத் திறக்கிறேன்.