படிவத்தில் நான் போட்ட பூஜ்யம்

அத்தானின் சிறுநீரகம் அக்காவுக்குப் பொருந்தும் என்று முடிவு வந்த அன்று எங்கள் ஆய்வகத்தில் லட்டு கொடுத்தார்கள். நான் மட்டும் என் பங்கைக் காகிதத்தில் மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் எனக்கு வேலை. உறுப்பு மாற்றுவதற்கு முன்னால், கொடுப்பவரின் ரத்த அணுக்களை வாங்குபவரின் ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தில் போட்டுப் பார்ப்போம். அணுக்கள் உயிரோடு பளிச்சென்று இருந்தால் நல்லது. உப்பி, சாயம் ஏறிக் கறுத்துக் கிடந்தால் அந்த உடம்பு இவரை ஏற்கெனவே எதிரியாக வைத்திருக்கிறது என்று அர்த்தம். சொந்தக்காரரின் சாம்பிளை நாங்கள் தொடக் கூடாது. அதனால் உடன் வேலை பார்க்கும் மலையாளிப் பெண்தான் நுண்ணோக்கியில் உட்கார்ந்தாள். "சேச்சி, எல்லாம் லைவாணு!" என்று துள்ளினாள். நானும் எட்டிப் பார்த்தேன். எல்லாம் உயிரோடு மினுங்கின. எனக்கு மட்டும் அதில் நம்பிக்கை வரவில்லை.

காரணம், ஒரு மாதத்துக்கு முன் அக்காவின் படிவத்தை நிரப்பியவள் நான். 'இதுவரை எத்தனை முறை கர்ப்பம்' என்ற கட்டத்தில் கொஞ்சமும் யோசிக்காமல் பூஜ்யம் போட்டிருந்தேன்.

எங்கள் வீடு அதே ஊரின் ஆரியசாலைக் கடைத்தெருவில், அப்பாவின் வற்றல் மிளகாய்க் கடைக்கு மேலே. எங்கள் குடும்பங்களில் கர்ப்பம் மூன்று மாதம் தாண்டும்வரை யாரிடமும் வாய் திறக்க மாட்டார்கள். அதற்குள் கலைந்து போய்விட்டால் அது நடக்கவே இல்லை. பன்னிரண்டு வருடங்களுக்கு முன், அத்தான் விடுமுறை முடிந்து துபாய்க்குத் திரும்பிய பிறகு, அக்காவுக்கு அப்படிப் போனது. மூன்றாம் மாதம் முடிந்ததும் அவரிடம் சொல்லலாம் என்று காத்திருந்தவள். அம்மா விரிப்பை அலசிக்கொண்டே சொன்னாள்: "இது கணக்குல வராது. அவியகிட்ட சொல்லாண்டாம். அங்க கெடந்து மனசு ஒடைஞ்சிருவாவ."

அதன் பிறகு குழந்தையே இல்லை. அத்தானின் அம்மா போகிற வீடெல்லாம் அக்காவை மலடி என்று சொல்லிவந்தார். அப்போதும் அக்கா வாய் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. வீட்டுக் கணக்கை அப்படியே ஆஸ்பத்திரிப் படிவத்திலும் எழுதிவைத்தேன். என்னை மாதிரிப் படித்த முட்டாள் இந்த ஊரில் இருக்க முடியாது.

உடம்புக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. போன நூற்றாண்டில், போர்க்காலத்தில், ஓர் ஆராய்ச்சியாளர் தீக்காயம் பட்ட ஒருத்திக்கு அவள் சகோதரனின் தோலை வைத்துப் பார்த்தார். அது கொஞ்ச நாள் ஒட்டியிருந்துவிட்டு அழிந்தது. அதே சகோதரனின் தோலை மறுபடி வைத்தபோது முன்னைவிடச் சீக்கிரம் அழிந்தது. உடம்பு பிறருடையதை அடையாளம் காண்கிறது, கண்டதை நினைவில் வைத்திருக்கிறது என்பது அங்கிருந்து தெளிந்தது. எங்கள் ஆய்வகமே அந்தத் தோலின் மேல்தான் நிற்கிறது. இதைப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியவள் நான். வயிற்றில் இருந்த அந்தப் பிள்ளையில் பாதி அத்தானுடையது. அதை அக்காவின் உடம்பு பார்த்திருந்தால்? இப்போது தூங்குகிற அந்த நினைவு, அவருடைய சிறுநீரகம் உள்ளே போனதும் விழித்துக்கொண்டால்?

அறுவை சிகிச்சைக்கு எட்டு நாள்தான் இருந்தது. டயாலிசிஸ் நாற்காலியில் இருந்த அக்காவிடம் போய், படிவத்தைத் திருத்த வேண்டும் என்று சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"டெஸ்டு பாஸாச்சுல்லா? பின்ன என்னத்துக்குத் தோண்டுத?"

"உள்ளதை எழுதினா இதைவிட நுணுக்கமான டெஸ்டு ஒண்ணு செய்வாவ."

"பன்னெண்டு வருசம் மறைச்சிருக்கேன். தெரிஞ்சா அவிய எனக்க முகத்துல முழிப்பாவளா? சொல்லாண்டாம், கேட்டியா. நான் செத்தாலும் பரவால்ல."

"நீ மட்டுமா? அத்தானுக்க கிட்னியும் குப்பைக்குப் போவும்!" என்று கத்திவிட்டேன்.

நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். அக்கா வெகுநேரம் அழுதாள். பிறகு, "என்னமும் எழுது," என்றாள். எனக்கு அவள்மேல் கோபம், அம்மாமேல் அதைவிடக் கோபம், என்மேல் எல்லாவற்றையும்விட.

பூஜ்யத்தை அடித்துவிட்டு ஒன்று என்று எழுதி, மருத்துவரிடம் கொடுத்தேன். நான்கு நாளில் முடிவு வந்தது. அத்தானின் அணுக்களில் என்ன அடையாளம் இருந்ததோ, சரியாக அதற்கு எதிராகவே அக்காவின் ரத்தத்தில் ஆயுதம் இருந்தது. கொஞ்சம்தான். ஆனால் இருந்தது.

அறுவை ரத்து என்று மருத்துவர் எங்கள் மூவரையும் உட்காரவைத்துச் சொன்னார். அத்தானுக்கு விளங்கவில்லை. "எனக்க ரத்தத்தை இவளுக்கு ஏத்தினதே இல்லையே, பின்ன எப்பிடி?" என்று கேட்டார். ரத்தம் ஏற்ற வேண்டியதில்லை, ஒருமுறை கருவுற்றிருந்தாலே போதும் என்றார் மருத்துவர். படிவத்தில்தான் எழுதியிருக்கிறதே என்று அதை அத்தான் பக்கம் திருப்பினார்.

அத்தான் அந்த ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா தரையைப் பார்த்தாள். அவர் கத்துவார் என்று நான் கதவுப்பக்கம் நகர்ந்து நின்றேன்.

"எத்தன மாசம்?" என்று கேட்டார்.

"மூணு," என்றாள் அக்கா.

அவர் கையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நான் இத்தன வருசமா கொறை எனக்குத்தான்னு நெனச்சிட்டு இருந்தேன்," என்றார்.

அக்கா இன்றும் வாரத்தில் மூன்று நாள் அந்த நாற்காலிக்குப் போகிறாள், காத்திருப்போர் பட்டியலில் அவள் பெயர் இருக்கிறது. அத்தான்தான் கூட்டிப்போகிறார்.