கூறைப்புடவை வாங்கியவர்களுக்கு ஒரு நல்ல சேதி

தி.நகரில் ஒரு பட்டுக்கடைக்கு மின்னஞ்சல் எழுதும் வேலையில் இருந்தேன். யாரும் கேட்காத மின்னஞ்சல். ஆடித் தள்ளுபடிக்கு ஒன்று, ஆடி முடிந்த துக்கத்துக்கு ஒன்று, தீபாவளிக்கு ஏழு. பில் போடும் இடத்தில் "மெயில் ஐடி சொல்லுங்க மேடம்" என்று கேட்டு வாங்கியதெல்லாம் என் கம்ப்யூட்டரில் வந்து விழும். பில்லுக்காகத்தான் கேட்கிறார்கள் என்று நம்பிக் கொடுத்தவர்கள் அத்தனை பேரும். கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு யார் எதைக் கேட்டாலும் நம் ஜனம் கொடுத்துவிடும்.

எனக்கு வரும் குப்பை மெயில்களை மட்டும் நான் காலையில் எழுந்ததும் வாய்கூசாமல் திட்டிக்கொண்டே அழிப்பேன். வழுக்கைக்குத் தைலம், கேட்காத கடன், தாம்பரத்திலிருந்து ஐந்தே நிமிடத்தில் மனை. ஹெலிகாப்டரில் போனால் ஐந்து நிமிடம்தான். அழித்துவிட்டுக் குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, அதே அயோக்கியத்தனத்தைச் செய்ய பஸ் ஏறுவேன்.

முதலாளி திருநெல்வேலிப் பக்கம். ஒரு நாள், "கல்யாணப் பட்டு எடுத்தவங்க அடுத்து எப்பம் தம்பி வருவாங்க?" என்று சும்மாதான் கேட்டார். நான் முந்திரிக்கொட்டை. "வளைகாப்புக்கு வருவாங்க சார்" என்றேன். கூறைப்புடவை பில் போட்ட தேதியிலிருந்து பத்து மாதம் கழித்து ஒரு மெயில் தானாகவே போகும்படி செய்துவிடலாம் என்றும் சொன்னேன்.

அவர் தாடையைச் சொறிந்தார். "எல்லாத்துக்குமா அதுக்குள்ள ஆயிருக்கும்?"

"ஆகாதவங்க அழிச்சிட்டுப் போறாங்க சார். ஒரு நொடி வேலை."

கடுதாசி இப்படி ஆரம்பித்தது: 'உங்கள் வீட்டு நல்ல சேதி எங்கள் காதுக்கும் எட்டிவிட்டது!' எழுதிவிட்டு என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். அவ்வளவு புத்திசாலிக்கு ஒன்று மட்டும் உறைக்கவில்லை. எங்களவர்களில் கூறைப்புடவை வாங்குவது பிள்ளை வீட்டார். பெரும்பாலும் பில் மாமியார் பெயரில் இருக்கும். ஆகவே என் நல்ல சேதி போய்ச் சேர்ந்ததெல்லாம் மாமியார்களுக்கு.

அதில் ஒரு மாமியார் மந்தைவெளியில் இருந்தார். என் அக்காவின் மாமியார். தள்ளுபடி வாங்கித் தருகிறேன் என்று அவரைக் கடைக்கு அழைத்துப்போய், மெயில் ஐடியைப் பக்கத்தில் நின்று எழுத்துக்கூட்டிச் சொன்னவனே நான்தான்.

மாமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்திருக்கிறார். மருமகளின் தம்பி வேலை பார்க்கும் கடை. நல்ல சேதி காதுக்கு எட்டியது என்று எழுதியிருக்கிறது. இதற்கு வேறென்ன அர்த்தம் இருக்க முடியும்? மத்தியானமே எனக்குப் போன் வந்தது.

"ஏன்டாப்பா, எங்காத்துல சொல்றதுக்கு முன்னாடி கடைக்கா சொல்லுவா? போகட்டும். எனக்குக் கோபமே இல்லை. இனிமே அவ ஸ்கூட்டர் ஓட்டப்படாதுன்னு நீயே சொல்லிடு."

என்ன நடந்திருக்கிறது என்று அரை நிமிடத்தில் புரிந்துவிட்டது. அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவர் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்கப் பயந்து, "சரி மாமி" என்றேன். நான் அனுப்பிய அத்தனை குப்பையையும் விட அந்த இரண்டு வார்த்தைதான் கேவலம். அக்காவுக்காவது போன் செய்து எச்சரித்திருக்கலாம். அதையும் செய்யவில்லை.

அக்கா அடையாறு ஆபீஸிலிருந்து வீடு திரும்புவதற்குள் மாமி உறவு முழுவதற்கும் சொல்லி முடித்து, பால் பாயசமும் வைத்துவிட்டார். தோளில் பையோடு வாசலில் நின்றபடியே, அதெல்லாம் ஒன்றும் இல்லை என்று அக்கா சொல்ல வேண்டியிருந்தது. மாமி மறுபடியும் போனை எடுத்து, சொன்னவர்களிடமெல்லாம் இல்லை என்று சொன்னார். அவர்கள் சும்மா விடுவார்களா? ஒருத்தி அசோக் நகரில் கைராசி டாக்டர் இருப்பதாகச் சொன்னாள். ஒருத்தி கஷாயம் சொன்னாள். ஒரு பெரியப்பா நாக தோஷம் என்று பரிகாரத்தையே பட்டியல் போட்டு அனுப்பினார். ஒரு வாரம் அக்காவின் போன் ஓயவில்லை. என் மெயிலிலாவது அடியில் பொடி எழுத்தில் 'வேண்டாமென்றால் இங்கே அழுத்தவும்' என்று இருக்கும். சித்தி, பெரியம்மாக்களுக்கு அந்த வசதி கிடையாது.

முதலாளியிடம் சொல்லி அந்த மெயிலை நிறுத்திவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்கப் போனேன். வீட்டுக்கு வராதே என்று சொல்லியிருந்தாள். ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு ஹோட்டலில் உட்கார்ந்தோம். பஸ்ஸில் ஒத்திகை பார்த்ததை ஒப்பித்தேன். "கம்ப்யூட்டர் தானா அனுப்பிடுத்துக்கா. உனக்குன்னு அனுப்பலை. ஆயிரம் பேருக்குப் போயிருக்கு."

"ஆயிரம் மாமியாரா?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னாள், இரண்டு மாதம் முன்னால் உண்டாகி, ஏழாவது வாரமே கலைந்துவிட்டது என்று. அத்திம்பேரைத் தவிர யாருக்கும் தெரியாதாம். மாமிக்குக்கூடச் சொல்லவில்லையாம்.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து பாக்கறவா எல்லாரும் விசேஷம் உண்டா, விசேஷம் உண்டான்னு கேக்கறா. கேக்காத ஒரே ஆள் நீதான்டா. அதுக்காகவே உன்கிட்ட வந்து பேசிண்டிருப்பேன்."

இப்போதும் அவள் போன் செய்கிறாள். வெயிலைப் பற்றிப் பேசுகிறாள், மெட்ரோவுக்குத் தோண்டிப்போட்ட ரோட்டைப் பற்றிப் பேசுகிறாள். பிறகு, சரி வைக்கட்டுமா என்கிறாள்.